ராக், மெட்டலுக்கு ஹெட்ஃபோன்: இரண்டாவது மணி நேரம் தாங்குமா?

2 மார்ச் 2024, கேள்வி

வணக்கம் அண்ணா. தினமும் நாலைந்து மணி நேரம் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதிக்கொண்டே மெட்டல் கேட்கிறேன். பெரும்பாலும் த்ராஷ், கொஞ்சம் டெத் மெட்டல், அப்பா கேட்டுப் பழக்கிய ஹார்டு ராக்கும் உண்டு. இப்போது இருக்கிற புளூடூத் ஹெட்ஃபோனில் காலால் அடிக்கிற கிக் டிரம் தவிர எதுவும் தெளிவாக இல்லை, கிட்டார் எல்லாம் ஒரே இரைச்சல். ஒரு மணி நேரத்தில் காது மடல் வலிக்க ஆரம்பித்துவிடுகிறது. வயர் வைத்தது என்றாலும் பரவாயில்லை, பட்ஜெட் 15,000. ராக்குக்கு கிராடோ ஹெட்ஃபோன்தான் என்று எல்லோரும் சொல்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடலாமா?

2 மார்ச், இரவு

கண்ணை மூடிக்கொண்டு எதையும் வாங்க வேண்டாம் தம்பி, கிராடோவாக இருந்தாலும் சரி. அந்தப் பேச்சு சும்மா கிளம்பியது இல்லை. 1953-இல் ஜோசப் கிராடோ நியூயார்க்கின் புரூக்லினில் தொடங்கிய குடும்ப நிறுவனம் அது. எஸ்ஆர்60, எஸ்ஆர்80 இரண்டும் ராக் ரசிகர்களிடம் பேர் வாங்கியதற்குக் காரணம் இருக்கிறது: 2,000 ஹெர்ட்ஸ் (ஸ்தாயியை அளக்கிற எண், கூடினால் ஸ்தாயி ஏறும்) பக்கத்தில் ஒலி கொஞ்சம் தூக்கலாக இருக்கும். கம்பியில் பிக் படுகிற அந்தக் கடி அங்கேதான் இருக்கிறது. ஒரு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம், ஒரு குரல் என்று இருக்கிற பழைய ஹார்டு ராக்கை அதில் கேட்டால் கிட்டார்காரர் முன் அறையில் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும். அப்பாவின் பாட்டுகளுக்கு அருமை.

ஆனால் அந்த மாடல்களின் ஸ்பாஞ்சு காதைச் சுற்றி உட்காராது, காதின் மேலேயே உட்காரும். காது மடல் வலி என்று எழுதிவிட்டு மடல் மேலேயே உட்காருகிற இன்னொன்றை வாங்கினால் எப்படி? கீழ் பேஸும், அதாவது அடி ஒலியும், அதில் மெலிவு. டெத் மெட்டலுக்கு அது ஒரு குறை.

காதைச் சுற்றி உட்காருகிற, வெளிக் கிண்ணம் அடைத்த மூடிய வகை பாருங்கள். பேயர்டைனமிக் டிடி 770 புரோ, 80 ஓம் (மின்தடை). பேட் வெல்வெட் மாதிரி துணி, உள்ளே காது முழுசாக இறங்கும். உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும். வாங்கிவிடுங்கள்.

3 மார்ச்

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். 'வாங்கிவிடுங்கள்' என்று முடித்தது அவசரம். கேட்க வேண்டியதைக் கேட்கவே இல்லை. கண்ணாடி போடுவீர்களா? அறையில் யார் யார் இருக்கிறார்கள்? ஏசி உண்டா? போனில் கேட்கிறீர்களா, லேப்டாப்பிலா?

ஒலி எப்படி என்று கேட்பதற்கு முன்னால் இதையெல்லாம் கேட்க வேண்டும் என்பது நான் பணம் கொடுத்துக் கற்றது. முதல் வேலையில் சேர்ந்த வருடம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு கடையில் பத்து நிமிடம் போட்டுக் கேட்டுவிட்டு, அரைச் சம்பளம் போட்டு ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். கடையில் சிம்பல் (டிரம்மோடு வரும் உலோகத் தட்டு) ஒவ்வொன்றும் கண்ணாடித் துண்டு மாதிரி தெறித்தது, இதுவரை இத்தனை நுணுக்கம் கேட்டதே இல்லை என்று நினைத்தேன். வீட்டில் நாற்பதாவது நிமிடத்தில் நெற்றி கனக்க ஆரம்பித்தது. ஒரு ஆல்பம் முடிவதற்குள் கழற்றி வைத்துவிடுவேன். ஏதோ நான்தான் சோர்வாக இருக்கிறேன் என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். மேல் ஸ்தாயியைத் தூக்கி வைத்த ஒலி கடையில் நுணுக்கமாகத் தெரியும், வீட்டில் களைப்பாக மாறும்.

அப்புறம் ஒரு மே மாதம் பேட் உரிய ஆரம்பித்தது. தோல் மாதிரி இருக்கும் ரெக்சின். காதோரம், கழுத்து, தலையணை உறை எல்லாம் எள்ளைக் கொட்டின மாதிரி கறுப்புப் பொடி. நம் வியர்வைக்கு அந்த ரெக்சின் தாங்காது என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அதன் பிறகு துணி பேட் இல்லாத எதையும் வீட்டுக்கு வாங்கவில்லை.

4 மார்ச்

பதில் எழுதியிருக்கிறார்: கண்ணாடி உண்டு, தடித்த பிரேம். தனி அறை. ஏசி இல்லை, ஃபேன் மட்டும். லேப்டாப்.

அப்படியானால் நான் சொன்ன டிடி 770-ஐத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மோசமான ஹெட்ஃபோன் என்பதால் இல்லை, ஸ்டுடியோக்களில் எத்தனையோ வருடமாக உழைக்கிற மாடல் அது. ஆனால் மூடிய வகையில் பேஸ் என்பது காதைச் சுற்றி உள்ள அடைப்பை நம்பி இருக்கிறது. கண்ணாடியின் கால் பேட்டுக்கு அடியில் போகிற இடத்தில் ஒரு சந்து விழும், அதன் வழியே பேஸ் கசிந்துவிடும். மெல்லிய கம்பிப் பிரேம் என்றால் சமாளிக்கலாம், தடித்த பிரேம் என்றால் கஷ்டம். கூடவே அதன் ட்ரெபிள், அதாவது மேல் ஸ்தாயி, 8,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் நன்றாகவே எழும்பி நிற்கும். பேஸ் கசிந்து ட்ரெபிள் மட்டும் நின்றால் சிம்பல் மழைதான் மிச்சம். ஏசி இல்லாத அறையில் மூடிய வகை போட்டு நாலு மணி நேரம் என்பது காதுக்கு வெந்நீர் ஒத்தடம்.

தனி அறை என்கிறீர்கள். அப்போது திறந்த வகைக்குப் போங்கள். வெளிக் கிண்ணத்தில் வலை இருக்கும், காற்றுப் போய் வரும், ஒலியும் வெளியே கேட்கும். பக்கத்தில் ஆள் இல்லை என்றால் அது ஒரு பிரச்சினையே இல்லை.

4 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

'மெட்டலுக்கு நல்லது' என்றால் என்ன என்று எண்களோடு சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வெறும் அபிப்பிராயமாகப் போய்விடும்.

சாதாரண ட்யூனிங்கில் கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். ஏழு கம்பிக் கிட்டாரில் கீழ் பி 62. நாலு கம்பி பேஸ் கிட்டாரின் கீழ் ஈ 41, ஐந்து கம்பி பேஸ் என்றால் 31. ஆக, கிட்டாரின் கீழ்ப் பகுதியும் பேஸும் கிக் டிரம்மின் வயிறும் ஒரே சந்தில் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன. 100-லிருந்து 250 ஹெர்ட்ஸ் வரை வீங்கிய ஹெட்ஃபோன் என்றால் மூன்றும் ஒன்றாகக் குழைந்துவிடும். உங்கள் புளூடூத்தில் நடப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

மெட்டலில் கிக் டிரம்முக்கு 'டிக்' என்று ஒரு முனை வைப்பார்கள், 3,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரை. டபுள் பேஸில் (இரண்டு காலாலும் கிக் டிரம் அடிப்பது) கால் ஓடுவதை எண்ண முடிகிறது என்றால் இந்த முனையால்தான். கிட்டாரின் கடியும் 2,000-லிருந்து இந்த இடம் வரைதான். கிட்டார் ஆம்பின் (ஒலிபெருக்கி) 12 அங்குல ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே வேகமாக அடங்கிவிடும். அதற்கு மேலே பெரும்பாலும் சிம்பலும் குரலின் 'ஸ்' ஒலியும்தான். அதனால் 8,000-ஐத் தூக்கி வைத்த ஹெட்ஃபோனால் ரிஃப்பில் (திரும்பத் திரும்ப வருகிற கிட்டார் துண்டு) எதுவும் கூடி வராது, சிம்பல்தான் கத்தும்.

7 மார்ச்

'வேகமான' ஹெட்ஃபோன் வேண்டுமா, பிளாஸ்ட் பீட்டுக்கு (மிக வேகமான டிரம் அடி) பிளேனர்தான் (காந்தத்துக்குப் பக்கத்தில் தட்டையான படலம் அதிரும் வகை) சரியா என்று கேட்கிறார். நானும் பல வருடம் இதையே நம்பினேன். ஹைஃபைமேன் சுந்தரா ஒரு நண்பர் வீட்டில் கேட்டபோது டபுள் பேஸ் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக வந்தது, பிளேனரின் மெல்லிய படலம் சீக்கிரம் நின்றுவிடுகிறது, அதனால்தான் என்று நானே நாலு பேருக்கு விளக்கம் சொல்லியிருக்கிறேன்.

பிறகு ஒரு நாள் மழை, வெளியே போக வழி இல்லை. என்னிடம் இருந்த சாதாரண டைனமிக் (பெரும்பாலான ஹெட்ஃபோன்களில் உள்ள வழக்கமான வகை) ஹெட்ஃபோனில் ஈக்வலைசர் வைத்து 200 ஹெர்ட்ஸை மட்டும் 3 டெசிபல் இறக்கினேன். அதே பாட்டு, அதே இடம். அடிகள் பிரிந்துவிட்டன! கழற்றிப் பார்த்தேன், மாட்டிப் பார்த்தேன், இறக்கினதை ஏற்றிப் பார்த்தேன். ஏற்றினால் குழைகிறது, இறக்கினால் பிரிகிறது. 'வேகம்' என்று நான் சொல்லிக்கொண்டிருந்ததில் பெரும்பங்கு நடு பேஸ் அளவாக இருப்பதுதான். பிளேனரில் அது பெரும்பாலும் அளவாக இருக்கிறது, கீழ் பேஸும் சரியாமல் நேராக இறங்குகிறது, அதனால் அந்தப் பேர். விளக்கம் கேட்ட நாலு பேருக்கும் திருத்தம் சொல்லிவிட்டேன்.

சுந்தரா 372 கிராம் என்பதையும் சொல்ல வேண்டும். முதல் மணி நேரம் தெரியாது. உங்களுக்குத் தேவை நாலாவது மணி நேரம்.

8 மார்ச்

இப்போது நேரடியாக: சென்ஹைசர் எச்டி 560எஸ். 2020-இல் வந்தது, திறந்த வகை, 240 கிராம், 120 ஓம், வெல்வெட் பேட். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஜாக்கிலேயே போதுமான சத்தம் வரும், வராவிட்டால் லேப்டாப்பில் செருகுகிற ஒரு சின்ன டாங்கிள் போதும். நடு பேஸ் வீங்காது. பேஸ் குறைவு என்று சிலர் சொல்வார்கள், அதற்கு மருந்து இலவசம், பிறகு எழுதுகிறேன்.

நான் வைத்திருப்பது எச்டி 600. 1997-இல் வந்த மாடல், இன்னும் விற்கிறார்கள். 300 ஓம், கொஞ்சம் வலுவான ஆம்ப் கேட்கும், உங்கள் பட்ஜெட்டையும் தாண்டும். அதன் தம்பி எச்டி 650-ஐ 'முக்காடு போட்ட ஒலி' என்று குறை சொல்பவர்கள் உண்டு. மெட்டலுக்கு அந்த முக்காடு ஒரு வரம் என்பது என் கட்சி. மோசமாகப் பதிவான ஆல்பத்தையும் உட்கார்ந்து கேட்கவிடும். எச்டி 600-இன் கிட்டாரை நான் வேறெதற்கும் மாற்றிக்கொள்ள மாட்டேன். ஆனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே அது மெதுவாக விலகிவிடும், ஐந்து கம்பி பேஸ் தரையில் உருளுகிற அந்த உணர்வு வராது. இதைச் சொல்லாமல் சிபாரிசு செய்வது நியாயம் இல்லை.

ஆடியோ-டெக்னிக்கா எம்50எக்ஸ் பற்றி இன்னொருவர் கேட்டிருந்தார். 2014 மாடல், மூடிய வகை, உறுதியானது, ஒலி துள்ளலாக இருக்கும். பேருந்தில் போகிறவருக்குச் சொல்வேன், நாலு மணி நேரம் மேஜையில் உட்காருகிறவருக்குச் சொல்ல மாட்டேன்.

10 மார்ச்

கடைக்குப் போய்க் கேட்கப் போகிறாராம். நல்லது. மூன்று விஷயம்.

கடைக்காரர் போடுகிற பாட்டைக் கேட்க வேண்டாம். ஒரு பெண் குரலும் ஒரு கிட்டாரும் இருக்கிற பதிவு எதில் போட்டாலும் இனிக்கும். நீங்கள் அதிகம் கேட்கிற, ஆனால் பதிவு சுமாரான ஆல்பத்தை எடுத்துப் போங்கள். அதை எந்த ஹெட்ஃபோன் சகித்துக்கொள்ள வைக்கிறதோ அதுதான் உங்களுடையது.

சத்தத்தைச் சமமாக வையுங்கள். இரண்டு ஹெட்ஃபோனில் கொஞ்சம் சத்தமாக ஒலிப்பதுதான் நல்லது என்று காது சொல்லும். 1933-இலேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் காட்டியது: சத்தம் குறையும்போது காதுக்குப் பேஸ்தான் முதலில் மங்கும். சத்தம் கூடினால் பேஸ் கூடினதாகத் தெரியும்.

கண்ணாடியோடு போட்டுப் பாருங்கள். போட்டுக்கொண்டு தலையைக் குனியுங்கள், தாடையை அசையுங்கள். பொட்டில் கண்ணாடியின் கால் அழுந்துகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அரை மணி நேரம் கழற்றாமல் இருங்கள்.

10 மார்ச், மாலை

விட்டுப்போன ஒன்று. எது ஹெட்ஃபோனின் குறை, எது ஆல்பத்தின் குறை என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும். மெட்டாலிக்கா என்ற த்ராஷ் குழுவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் ஏறக்குறைய கேட்காது, மிக்ஸ் செய்யும்போதே அமுக்கிவிட்டார்கள். அதைப் போட்டுக் கேட்டுவிட்டு 'இதில் பேஸ் இல்லை' என்று நல்ல ஹெட்ஃபோனைத் திருப்பித் தந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவர்களுடைய 2008 ஆல்பம் வேறு கதை: சத்தமாக ஒலிக்க வேண்டும் என்று நசுக்கி நசுக்கி, டிரம் அடிக்கும் இடமெல்லாம் கரகரப்பு. அதே பாட்டுகள் கிட்டார் ஹீரோ என்ற வீடியோ விளையாட்டுக்கு அத்தனை நசுக்கப்படாமல் போயிருந்தன, ரசிகர்கள் இரண்டையும் ஒப்பிட்டுப் பெரிய சண்டையே நடந்தது. எந்த விலைக்கு வாங்கினாலும் அந்தக் கரகரப்பை எந்த ஹெட்ஃபோனும் எடுத்துத் தராது. நுணுக்கமான ஹெட்ஃபோன் என்றால் அதை இன்னும் தெளிவாகக் காட்டும், அவ்வளவுதான்.

17 மார்ச்

எச்டி 560எஸ் வாங்கிவிட்டார். முதல் செய்தி: "அண்ணா, இவ்வளவு வருடம் கேட்ட பாட்டில் இரண்டாவது கிட்டார் வேறு வாசிக்கிறது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது." இதைப் படித்துவிட்டு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம். இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே ரிஃப்பைத் தனித்தனியாக வாசித்துப் பதிவு செய்வது மெட்டலில் வழக்கம். அந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற சின்னச் சின்ன வித்தியாசம்தான் கிட்டார் ஒலிச் சுவரை அகலமாக்குகிறது. அது பிரிந்து கேட்டுவிட்டால் பழைய ஆல்பம் எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்க வேண்டியதுதான்.

இரண்டாவது செய்தி: கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறது.

புதிதில் இருக்கும். எல்லாப் புது ஹெட்பேண்டுக்கும் அப்படித்தான். கையால் விரித்து இழுக்க வேண்டாம், பிளாஸ்டிக். நான் என்னுடையதற்குச் செய்தது: வீட்டில் பழைய அஞ்சறைப் பெட்டி ஒன்று சும்மா கிடந்தது, வட்டமான எவர்சில்வர், குறுக்களவு தலையின் அகலத்தைவிட இரண்டு விரல் கூட. அதற்குச் சுத்தமான துண்டு சுற்றி ஹெட்ஃபோனை அதன் மேல் மாட்டி இரவெல்லாம் வைத்தேன். மூன்று இரவு. கடுகு வாசனை ஒரு வாரம் இருந்தது, இறுக்கம் போய்விட்டது. ரொம்பத் தளர்த்தியும் விடாதீர்கள், தளர்ந்தால் குனியும்போது நழுவும், பேஸும் குறையும். தினமும் காலையில் போட்டுப் பார்த்து, போதும் என்ற இடத்தில் நிறுத்துங்கள்.

19 மார்ச்

சொன்ன மருந்து. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்று இலவச மென்பொருள் இருக்கிறது. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒரு ஷெல்ஃப் (கீழே உள்ளதை எல்லாம் ஒன்றாக ஏற்றுவது), 4 டெசிபல் கூட்டுங்கள். மறக்காமல் அதிலேயே ப்ரீஆம்பை (மொத்த ஒலி அளவு) 4 டெசிபல் இறக்குங்கள், இல்லாவிட்டால் சிக்னல் உச்சியில் முட்டி உடையும், ஈக்வலைசரே மோசம் என்று நினைத்துவிடுவீர்கள். சிம்பல் கடித்தால் 6,000-க்கு மேலே 2 டெசிபல் குறைத்துப் பாருங்கள். ஒரே நாளில் பத்து மாற்றம் செய்ய வேண்டாம். ஒன்றை மாற்றி, ஒரு வாரம் கேட்டு, பிறகு அடுத்தது.

26 மார்ச்

சத்தத்தை எவ்வளவில் வைக்கிறீர்கள் என்று நானே கேட்டேன். '80 சதவீதம்' என்றார். அது லேப்டாப்பின் கணக்கு, காதுக்கு எவ்வளவு போகிறது என்பதை அது சொல்லாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: பெரியவர்களுக்கு 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 83-க்கு 20 மணி, 86-க்கு 10, 89-க்கு 5. தினமும் ஐந்து மணி நேரம் என்றால் வாரத்துக்கு 35. ஆக 80-க்கு மேல் உங்களுக்கு இடமே இல்லை.

இதை நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடம் முன்பு பெங்களூரில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சியில் ஸ்பீக்கருக்கு நேர் எதிரே மூன்று மணி நேரம் நின்றேன். காதில் எதுவும் வைக்கவில்லை. இரவு பேருந்தில் ஊர் திரும்பும்போது கண்டக்டர் பேசுவது தலையணைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவது போல இருந்தது. வலது காதில் அன்றைக்கு ஆரம்பித்த மெல்லிய 'ஈ' சத்தம் முழுதாகப் போகவே இல்லை. அமைதியான அறையில் இப்போதும் கேட்கும். திறந்த வகையில் வெளிச் சத்தம் உள்ளே வரும், ஃபேனை மறைக்க ஒலியைக் கூட்டத் தோன்றும். கூட்டாதீர்கள். ஃபேனை ஒரு புள்ளி குறையுங்கள்.

27 மார்ச்

நேற்று எழுதியதில் ஒரு சின்னத் திருத்தம். ஏசி இல்லாத அறையில் ஃபேனைக் குறை என்பது பங்குனியில் சொல்கிற பேச்சு இல்லை. டேபிள் ஃபேனைப் பின்பக்கம் தள்ளி வைத்து, காற்று முதுகில் படும்படி திருப்புங்கள். வலைக் கிண்ணத்தில் காற்று நேராக மோதாது, அந்த 'உஸ்' குறையும்.

14 ஏப்ரல்

புத்தாண்டு வாழ்த்தோடு கேள்வி: பேட்டில் வியர்வை நாற்றம், துவைக்கலாமா?

துவைக்கலாம். பேட்டை ஓரத்திலிருந்து மெதுவாக நெம்பினால் கழன்று வரும். வெதுவெதுப்பான தண்ணீரில் துளி ஷாம்பு, விரலால் அமுக்கி அமுக்கி அலசுங்கள். முறுக்கிப் பிழியாதீர்கள், துண்டில் வைத்து அழுத்தி ஈரத்தை எடுங்கள். வெயிலில் போடாமல் நிழலில் ஒரு முழு நாள். உள்ளே ஸ்பாஞ்சு கடைசியில்தான் காயும், தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், நம்பாதீர்கள். சந்தேகம் என்றால் இன்னொரு இரவு விடுங்கள். ஒரு வருடம், ஒன்றரை வருடத்தில் பேட் தட்டையாகிவிடும். காது உள் துணியைத் தொட ஆரம்பித்தால் மாற்றுகிற நேரம், அப்போது ஒலியும் மாறியிருக்கும். இப்போதே ஒரு ஜோடி வாங்கி வைத்துக்கொண்டால் துவைத்த நாளிலும் பாட்டு நிற்காது.